2000 வாட் லேபிள், 1500 வாட் எலிமெண்ட்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
15 லிட்டர் வாட்டர் ஹீட்டர் வாங்கிய வாடிக்கையாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: லேபிளில் 2000 வாட் என்று போட்ட ஹீட்டர் 1400 வாட் மட்டும் எடுப்பது, விசாரிக்காமலே புகார் முடிக்கப்பட்டது.

ஐயா / அம்மையீர்,

உங்கள் 15 லிட்டர் வாட்டர் ஹீட்டரை நவம்பரில் வாங்கி மாட்டினேன். லேபிளில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது. குன்னூர்க் குளிரில் குழாய்த் தண்ணீரே 15 டிகிரியில்தான் வருகிறது. அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் ஹீட்டருக்கு 24 நிமிடம் போதும். எங்கள் வீட்டில் அரை மணி நேரத்தையும் தாண்டுகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காலையில் இந்தப் பத்து நிமிடம் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

புகார் கொடுத்ததும் டெக்னீஷியன் வந்தார். சாக்கெட்டில் லைன் டெஸ்டரைச் செருகிப் பார்த்தார். "உங்க வீட்ல வோல்டேஜ் கம்மி சார், ஒரு ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார். 'பொருளில் குறை இல்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் வயரிங் வேலை பார்க்கிறவன். லைன் டெஸ்டர் ஃபேஸ் வருகிறதா என்று மட்டும்தான் காட்டும். 180 வோல்ட்டிலும் எரியும், 240 வோல்ட்டிலும் எரியும். அதை வைத்து வோல்டேஜ் குறைவு என்று எப்படிச் சொன்னாரோ!

அவர் செய்யாததை நானே செய்தேன். ஹீட்டர் ஓடும்போதே சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தேன்: 222 வோல்ட். ஃபேஸ் வயரை மட்டும் தனியாகப் பிரித்து டாங் டெஸ்டருக்குள் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) விட்டேன்: 6.3 ஆம்பியர். (மூன்று வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். அடுத்து யாரையாவது அனுப்புவதாக இருந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.) ஹீட்டர் எலிமெண்ட் தண்ணீரைச் சூடாக்கும் வெறும் கம்பிச் சுருள், அதனால் வோல்டேஜை ஆம்பியரால் பெருக்கினாலே வாட் வந்துவிடும். 222-ஐ 6.3-ஆல் பெருக்கினால் 1399 வாட்.

வோல்டேஜ் 8 வோல்ட் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் பவர் குறையும் என்பதும் உண்மை, அதுவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆனால் எலிமெண்டின் ரெசிஸ்டன்ஸ் (ஓமில் அளக்கும் மின்தடை) என் வீட்டு வோல்டேஜைப் பார்த்து மாறாதே. 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்க வேண்டிய எலிமெண்டுக்கு 26.5 ஓம் இருக்க வேண்டும். அப்படி ஒன்று உள்ளே இருந்திருந்தால் 222 வோல்ட்டிலும் 8.4 ஆம்பியர் இழுத்து 1863 வாட் கொடுத்திருக்கும். உங்கள் எலிமெண்டோ, 222-ஐ 6.3-ஆல் வகுத்தால் 35.2 ஓம் வருகிறது. சந்தேகம் தீர, தண்ணீர் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன்: 34.9 ஓம். அப்போது கரண்டே இல்லை, வோல்டேஜ் மேல் எப்படிப் பழி போடுவது?

35.2 ஓம் எலிமெண்டுக்கு முழுசாக 230 வோல்ட் கொடுத்தாலும் 1503 வாட்தான் வரும். 2000 வாட் வேண்டுமென்றால் 265 வோல்ட் ஏற்ற வேண்டும். ஸ்டெபிலைசர் போடச் சொன்னவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாரா? வீட்டு மின்சாதனங்களுக்கான ஐஎஸ் 302 என்ற இந்தியத் தரநிலை இந்த மாதிரி ஹீட்டருக்கு லேபிளில் இருப்பதைவிட 10 சதவீதம் வரை குறைய இடம் கொடுக்கிறது. உங்களுடையது 25 சதவீதம் குறைகிறது. 1500 வாட் மாடலுக்கான எலிமெண்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் மீட்டரை நம்ப மாட்டீர்கள் என்றால் மின்வாரிய மீட்டரையே பாருங்கள். அதில் ஒரு யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது ஒரு யூனிட் ஓடினால் அதன் விளக்கு 3200 முறை மின்னும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் ஓடவிட்டேன். சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 75 முறை மின்னியது. கணக்குப் போட்டால் அதே 1400 வாட். சரியான எலிமெண்டாக இருந்தால் 99 முறை மின்னியிருக்க வேண்டும்.

"கரண்ட் கம்மியா இழுத்தா உங்களுக்குத்தானே லாபம்" என்று உங்கள் கால் சென்டரில் ஒருவர் சொன்னார். லாபம் ஒன்றும் இல்லை. அதே 15 லிட்டரை அதே சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய அதே யூனிட்தான் ஆகும். நேரம் மட்டும் கூடும். 2000 வாட் மாடலுக்குக் கூடுதல் விலை கொடுத்ததும் அந்த நேரத்துக்காகத்தான்.

முடித்துவிட்ட என் புகாரை மறுபடியும் திறந்து, மல்டிமீட்டரும் டாங் டெஸ்டரும் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். என் கண் முன்னால் அளந்து, வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதட்டும். அதன் பிறகு சரியான எலிமெண்ட் போடுங்கள், இல்லையென்றால் ஹீட்டரையே மாற்றிக் கொடுங்கள். இதே பேட்சில் வேறு வீடுகளுக்குப் போனவற்றையும் சோதிப்பது நல்லது. ஸ்டெபிலைசர் வாங்கியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பில் நகல், சர்வீஸ் ரிப்போர்ட், லேபிள், மீட்டர் அளவுகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.