அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று வாரங்களுக்காக: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பெரம்பூரில் எங்கள் தெருக் குழு நடத்தும் ரத்ததான முகாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த ஆண்டு கூடவே, புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் போகும் பெண்களின் ரத்தசோகையை முன்கூட்டியே சரிசெய்யப் பணமும் கேட்டு வந்திருக்கிறோம்.

கருப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பெண்களில் பலர், மாதக்கணக்கில் உதிரப்போக்கைப் பொறுத்துக்கொண்டு, வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போகிறார்கள். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய உடம்பில் 8 இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. நோய் வருமுன்பே இருப்பு குறைவு. அப்படியே ஆபரேஷன் மேஜைக்குப் போனால், கொஞ்சம் ரத்தம் போனாலும் பாட்டில் ஏற்ற வேண்டிவரும். "ரெண்டு யூனிட்டுக்கு ஆள் கூட்டிட்டு வாங்க" என்றதும் மகன் வாட்ஸ்அப் குரூப்புகளில் கெஞ்சத் தொடங்குவான். ஏற்றும் ரத்தத்தாலும் சிலருக்குக் காய்ச்சல், ஒவ்வாமை வருவதுண்டு.

அறுவை சிகிச்சைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பரிசோதித்து, இரும்புச்சத்துக் குறைவு என்றால் இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் பலருக்கு ஹீமோகுளோபின் தேறிவிடும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் மூன்று வாரத்தில் அது இந்தக் கடனை அடைக்காது. மேஜையில் ரத்தப்போக்கைக் குறைக்க டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தும் இருக்கிறது. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் தாய்மார்களை நினைத்து, உதாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானியப் பெண் மருத்துவர் கணவரோடு சேர்ந்து 1962-இல் அறிவித்தது. யாருக்குத் தரலாம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு யோசித்துத்தான் தருவார்கள். ரத்தமே தேவைப்படாது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு யூனிட் ஒன்றானாலே லாபம்.

முதல் கட்டமாக 50 பெண்கள். பரிசோதனை, ஊசி, போக வர ஆட்டோ, அன்று போகும் கூலி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 4,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். மொத்தம் 2 லட்சம். கூலியை ஏன் சேர்த்தீர்கள் என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு ஊசி இலவசம் என்றாலும், அன்றைய சம்பளம் போகும் என்றால் வர மாட்டார். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, மருந்துக்கடைக்கு நாங்களே பணம் கட்டுவோம். கணக்கு மாதாமாதம் தெருப் பலகையில் ஒட்டப்படும்.

நூறு ரூபாயானாலும் தாருங்கள். ஞாயிறு காலை குழுவினர் வீடு வீடாக வருவார்கள்; ரசீது கையோடு கிடைக்கும். ரசீது தராதவரிடம் பணம் தர வேண்டாம்.

ரத்ததான முகாம் வழக்கம்போல் உண்டு, அதற்கும் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்