பயப்பட வேண்டியது எடை மெஷினைப் பார்த்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் சிறுவர் போட்டி பற்றி வந்த செய்தியைப் படித்தேன். தலைப்பில் பளுதூக்குதல் என்று போட்டிருக்கிறீர்கள், படத்தில் அந்தப் பையன் செய்வது டெட்லிஃப்ட், தரையில் கிடக்கிற கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மகளிடம் யாராவது "வெயிட்லிஃப்டிங்கா போறே?" என்று கேட்டுவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பளுதூக்குதல் தலைக்கு மேலே தூக்குவது. ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று இரண்டு விதம். நம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியது அதில்தான், ஒலிம்பிக்கில் இருப்பதும் அதுதான். என் மகள் செய்கிற வலுதூக்குதல், அதாவது பவர்லிஃப்டிங், வேறு: கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழும் ஸ்குவாட், படுத்துக்கொண்டு தூக்கும் பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று மூன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு, மூன்றிலும் அதிகபட்சமாகத் தூக்கியதைக் கூட்டினால் டோட்டல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தச் செய்தியின் கடைசியில் 'சிறு வயதில் பளு தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்' என்று ஒரு வரி இருந்தது. எந்த மருத்துவர் என்று போடவில்லை. என் மாமியாரும் இதையேதான் சொன்னார். மகள் ஏழாம் வகுப்பில் இதில் சேர்ந்தபோது, "பொம்பளப் புள்ள, குட்டையா நின்னுபோயிடும்டி" என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2008லேயே, ஒழுங்கான பயிற்சியும் பக்கத்தில் ஆளும் இருந்தால் எடைப் பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அதே அறிக்கையில், எலும்பு முதிரும் வரை வலுதூக்குதலும் உச்சபட்ச எடையும் வேண்டாம் என்றும் சொன்னார்கள். 2020ல் வந்த அறிக்கையில் தொனி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அப்புறம் 2009ல் வந்த ஓர் ஆய்வு, எடைப் பயிற்சியில் அடிபட்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றியது. அதில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு கையிலும் காலிலும்தான், பெரும்பாலும் எடைப் பிளேட்டைக் காலில் போட்டுக்கொண்டது, விரலை நசுக்கிக்கொண்டது. அதாவது, பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் தவிர்க்கக்கூடியவை. உயரம் குறையும் என்ற பயத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டென்றால் அது தசை ஏற்றுவதற்காகப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி, வளரும் எலும்பின் முனையைச் சீக்கிரமே மூடவைப்பது அது. அதைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வார்த்தை இல்லை.

என் மகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் நல்லவர். இரண்டு மாதம் வெறும் மூங்கில் கம்பு. பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, மூக்கு சுவரில் இடிக்காமல் குந்தி எழுந்திருக்கச் சொல்வார். அதற்கப்புறம்தான் கம்பி, போட்டியில் வைக்கிற கம்பியே வெறுமனே 20 கிலோ, இரண்டு பக்கமும் பிளேட் நழுவாமல் பிடிக்கிற காலர் மாட்டினால் 25. ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் ஸ்குவாட் 65, பெஞ்ச் 32.5, டெட்லிஃப்ட் 80 என்று தூக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், கூன் போட்டு நடந்த பிள்ளை நிமிர்ந்து நடந்தாள். உயரமும் மூன்று விரற்கடை கூடியது, மாமியார்தான் கதவில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரச்சினை வந்தது வேறு இடத்திலிருந்து. அந்த மாஸ்டர் ஊர் மாறிப்போய் வேறொருவர் வந்தார். சர்வதேச விதிப்படி சப்-ஜூனியர் பிரிவு 14 வயதில் தொடங்கி 18 வரை, அதில் பெண்களுக்கு உடல் எடையில் மிகக் குறைந்த பிரிவு 43 கிலோ வரை, அடுத்தது 47 வரை. மகள் அப்போது 46. புது மாஸ்டர் சொன்னார், "47ல நெறய பேரு மேடம். 43ல மூணு பேருதான், போய் நின்னாலே மெடல்." சான்றிதழ் காலேஜ் சீட்டுக்கு உதவும் என்றார். நானும் தலையாட்டினேன், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

மூன்று வாரம் இரவுச் சாப்பாடு இல்லை. கடைசி இரண்டு நாள் உப்பில்லை, தண்ணீரும் நாக்கை நனைக்கத்தான். போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். தூக்க ஆரம்பிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பார்கள் என்பதால் விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டோம். மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில், ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் போட்டுக்கொண்டு என் பிள்ளை ஓடுகிறாள், கையில் ஒரு பிளாஸ்டிக் கப், சூயிங்கம் மென்று அதில் துப்பிக்கொண்டே. 400 கிராம் கூடுதலாக இருந்ததாம். எச்சிலைத் துப்பினால் எடை குறையுமாம். அவளோடு இன்னும் நான்கைந்து பிள்ளைகள் ஓடின, அதில் ஒன்றுக்குப் பத்து வயதுதான் இருக்கும், ஏனென்றால் அங்கே 14க்குக் கீழே என்று தனியாக ஒரு பிரிவும் வைத்திருந்தார்கள், அதிலும் எடைப்பிரிவு உண்டு.

42.9 வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வாழைப்பழமும் ஓஆர்எஸ்ஸும் கொடுத்து மேடைக்கு அனுப்பினோம். முதல் ஸ்குவாட்டில் போதுமான அளவு இறங்கவில்லை, செல்லாது என்று மூன்று நடுவர்களும் சிவப்பு விளக்கு போட்டார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கீழே போனவள் பாதி எழும்போதே கண் சொருகிவிட்டது, பக்கத்தில் நின்ற பையன்கள் கம்பியைப் பிடித்ததால் பிழைத்தாள். ஸ்குவாட்டில் மூன்றும் போனால் டோட்டல் கிடையாது, அத்தோடு வெளியே. வீட்டில் விளையாட்டாகத் தூக்குகிற 60 கிலோ அது! மண்டபத்தில் யாரும் எடை குறைத்ததைப் பற்றிப் பேசவில்லை. "பயந்துட்டா மேடம், அனுபவம் பத்தல" என்றார் மாஸ்டர். அடுத்த மூன்று மாதம் அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிடுறா?"

யோசித்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. கம்பியைத் தூக்கினால் பிள்ளை வளராது என்று சொன்ன சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், அந்தப் பிள்ளை வளரக்கூடாது என்பதற்காகவே நாங்கள் பட்டினி போட்டபோது வாயே திறக்கவில்லை. பதினான்கு வயதில் ஒரு பெண் 46லிருந்து 49க்குப் போவது உடம்பு செய்ய வேண்டிய வேலை. மிசோரம் பையன் ஜெரமி லால்ரின்னுங்கா 2018 இளையோர் ஒலிம்பிக்கில் 62 கிலோ பிரிவில் தங்கம் வாங்கும்போது வயது 15. 2022ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியது 67ல். அது பளுதூக்குதல்தான், மகள் கோபித்துக்கொள்வாள், ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: ஆள் வளர்ந்தால் பிரிவும் மாறும்.

உள்ளூரில் போட்டி நடத்துகிறவர்களுக்கு இது கஷ்டமான காரியம் இல்லை. 14க்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு எடைப்பிரிவே வேண்டாம், எத்தனை கிலோ என்பதற்கும் மெடல் வேண்டாம், எவ்வளவு சுத்தமாக இறங்கி ஏறுகிறார்கள் என்று பார்த்து மார்க் போடுங்கள். மேலே இருக்கிற பிள்ளைகளை ஒரு மாதத்துக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல், பயிற்சிக்கு வந்த இடத்திலேயே எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே இறங்கிப் பெயர் கொடுக்க முடியாது என்று வைத்துவிடுங்கள். மெடல் குறையும், பெற்றோர் முனகுவார்கள். முனகட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு பிள்ளையின் படம் வரும்போது, எத்தனை கிலோ தூக்கினான் என்று கொட்டை எழுத்தில் போடுவதற்கு முன்னால், அன்று காலையில் என்ன சாப்பிட்டான் என்று உங்கள் நிருபர் கேட்கட்டும்.

மகள் விடவில்லை. வேறு இடத்தில் பயிற்சிக்குப் போகிறாள், இப்போது 50 கிலோ இருக்கிறாள். வரும் போட்டிக்கு 52ல் பெயர் கொடுத்திருக்கிறோம், அதில் பதினோரு பேராம். போட்டியன்று காலையில் நாலு இட்லி வேண்டும், கெட்டிச் சட்னியோடு, என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலம்