ஆராதனைக் குழுவில் புதிதாகப் பொறுப்பேற்ற தம்பிக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் பாவ அறிக்கையைச் சுருக்கலாமா, சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை எடுத்துவிடலாமா, மௌன ஜெபத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றிலும் கை வைக்காதீர்கள். முதல் தடவை ஆலயத்துக்குள் வருகிறவர் பயபக்தியைக் கண்டு மிரள்வதில்லை. எப்போது எழுவது, எந்தப் பக்கத்தைப் புரட்டுவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கூசிப்போகிறார். அந்தக் கூச்சத்தால்தான் மறுவாரம் வருவதில்லை. அதைப் போக்க, பக்கத்தில் ஓர் ஆளும் கையில் ஒரு தாளும் இருந்தால் போதும்.

3-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட டிடஸ்காலியா என்ற சபை ஒழுங்கு நூல் இந்த வேலையை அன்றைக்கே பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. உதவிக்காரர் ஒருவர் திருவிருந்துக்கான (அப்பமும் திராட்சரசமும் பங்கிடும் சடங்கு) காணிக்கைகளின் அருகே நிற்க வேண்டும். இன்னொருவர் வாசலில் நின்று வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும். உலகத்தில் மதிப்புள்ளவர் ஒருவர் உள்ளே வருகிறார் என்பதற்காகப் பேராயர் வசனம் போதிப்பதை நிறுத்தக் கூடாது. அவரைச் சகோதரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஏழையோ முதியவரோ வந்து இடமில்லாமல் நின்றால், தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் பேராயரே அவருக்கு இடம் ஏற்படுத்த வேண்டும். பீடத்தில் நிற்கிறவர் வாசலைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க வேண்டுமென்றால், வாசலில் நிற்கிறவர் தன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். உங்கள் பொறுப்பின் பாதி இதுதான்.

வரவேற்பவர்கள் ஆராதனைக்கு 20 நிமிடம் முன்பே வாசலில் இருக்கட்டும். இருவர் போதும். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு நின்றால் மட்டும் பயனில்லை. புதியவர் அந்தப் பேச்சுக்கு நடுவே புகுந்து எதையும் கேட்க மாட்டார். "முதல் தடவையா வர்றீங்களா?" என்று கேட்பதைவிட, "வாங்க, உட்கார இடம் காட்டட்டுமா?" என்பது நல்லது. முதல் கேள்வி நெடுநாள் உறுப்பினரிடம் போய்விட்டால் அவர் மனம் புண்படும். கையைக் காட்டி அனுப்பாமல் இருக்கை வரை கூடவே நடந்து போகச் சொல்லுங்கள்.

கடைசி இரண்டு வரிசைகளைக் காலியாக வைத்திருங்கள். முன்னால் இருப்பவர்கள் எழுவதைப் பார்த்துத் தானும் எழலாம் என்பதால் புதியவருக்குப் பின்வரிசைதான் ஆறுதல். வழக்கமாக வருகிறவர்கள் முதலில் நிரப்புவதும் அதே வரிசைகளைத்தான், அதிலும் ஓரத்து இடங்களை. பிந்தி வருகிறவர் எல்லாருடைய முழங்கால்களையும் தாண்டி நடுவில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. வேதாகமத்தின் யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் கண்டிப்பது, யாரை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்ற இதே காரியத்தைத்தான். ஜெபமோ வேத வாசிப்போ நடக்கும்போது யாராவது வந்தால், வாசலில் நிறுத்தி அடுத்த பாட்டில் உள்ளே அழைத்துப் போங்கள். "பாட்டு ஆரம்பிச்சதும் போகலாம்" என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்தினால் தடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

ஆராதனை முறைத் தாளுக்கு ஏ4 தாள் ஒன்றை மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். எல்லாருக்கும் தெரியும் என்று "பரமண்டல ஜெபம்" என்ற தலைப்பை மட்டும் போட்டுவிடுகிறார்கள். தெரியாத ஒருவருக்காகத்தான் அந்தத் தாளே. ஜெபம், பிரமாணம், சபையார் சொல்லும் பதில்கள் எல்லாம் முழுதாக இருக்கட்டும். இருக்கையில் இரண்டு பாட்டுப் புத்தகங்கள் இருந்தால் எண்ணோடு புத்தகத்தின் பெயரும் வேண்டும். வேதப்பகுதிக்குப் பக்க எண் போடுங்கள். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குறி போதும். திரையில் பாட்டு வருமானால், கடைசி வரி முடிவதற்கு முன்பே அடுத்த ஸ்லைடு வந்துவிட வேண்டும். பிந்தினால் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் மட்டுமே பாடுவார்கள்.

தாள் சரியாக இருந்தால் மைக்கில் விளக்கம் குறையும். "எழுந்து நிற்போம், பக்கம் 3" என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஜெபத்துக்கு நடுவே அதன் பொருளை விளக்கத் தொடங்கினால், ஜெபிக்கிறவர்களுக்கும் தடை, கேட்கிறவருக்கும் பாடம் நடத்துவது போலிருக்கும். மௌனத்தை மட்டும் முன்கூட்டியே அறிவியுங்கள்: "ஒரு நிமிடம் அமைதியாக ஜெபிப்போம்." சொல்லாவிட்டால் யாரோ தன் முறையை மறந்துவிட்டார் என்று புதியவர் தவிப்பார். நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்த்தே ஒரு நிமிடம் விடட்டும். பலர் 15 வினாடியிலேயே பொறுமை இழந்துவிடுகிறார்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் திருவிருந்து. யார் பங்குபெறலாம் என்பதில் சபைக்குச் சபை முறை வேறுபடும். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாகத் தங்கள் சபையாருக்கே கொடுக்கின்றன. ஞானஸ்நானம் பெற்ற எந்தச் சபையாரையும் அழைக்கும் புராட்டஸ்டண்ட் சபைகள் பல உண்டு. உங்கள் சபையின் முறை எதுவோ அதை மறைக்காமல் தாளில் அச்சிடுங்கள், ஆயர் ஒரு வாக்கியத்தில் சொல்லட்டும். பங்குபெறாதவர் என்ன செய்யலாம் என்பதையும் கூடவே சொல்லுங்கள்: உட்கார்ந்து ஜெபிக்கலாம், ஆசீர்வதிக்கும் வழக்கம் இருந்தால் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னே வரலாம். "எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் பீடத்தண்டையில் ஒருவரைத் திருப்பி அனுப்புவதைப் போல அவமானம் வேறில்லை. வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம் ஒவ்வொருவரும் தன்னைச் சோதித்தறிந்து பங்குபெறச் சொல்கிறது. முறை தெரியாதவரைக் கூட்டத்தோடு இழுத்துக்கொண்டு போனால் அந்த வாய்ப்பையே பறித்துவிடுகிறோம். வரிசை வரிசையாக அனுப்பும் உதவியாளர், உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத் தலையசைத்துக் கூப்பிடக் கூடாது. தெரியாமல் யாராவது வாங்கிவிட்டால் அங்கே ஒன்றும் சொல்ல வேண்டாம். பிறகு ஆயர் தனியாகப் பேசட்டும்.

புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஆயர் ஆரம்பத்தில் சொல்லும் ஒரு வரி வரவேற்பு போதும். காணிக்கைப் பை வரும்போது விருந்தினர் போட வேண்டிய கட்டாயமில்லை என்ற வரியும் தாளில் இருக்கட்டும். குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்காதிருப்பதே பெரிய உதவி; கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பக்கவாட்டுக் கதவருகே இடம் கொடுங்கள்.

ஆசீர்வாதம் முடிந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் புதியவர் யாரோடும் பேசாமல் வெளியேறுவார், ஏனென்றால் நம்மவர்கள் அப்போது நம்மவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள். கணக்கு, கமிட்டி, பாடகர் குழு ஒத்திகை எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு என்று குழுவில் முடிவெடுங்கள். தொலைபேசி எண்ணை அவராகக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு நாளுக்குள் ஒரே ஒருவர், ஒரே ஒரு செய்தி அனுப்பட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன், சபைக்கு வராத நண்பர் ஒருவரிடம் இந்த வாரத் தாளைக் கொடுத்து, எங்கெல்லாம் புரியவில்லையோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தத் தாளையே கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் அண்ணன்