எட்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்ல வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தாலே அழுகைதான் வந்தது, அதனால் தள்ளிப்போய்விட்டது.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் என் கணவருக்கு வேலை போனது. நான் வீட்டிலிருந்து செய்த தையல் வேலையும் நின்றது. அந்த ஓராண்டில் உலகம் இழந்த வேலை நேரம் சுமார் 25.5 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டதை வெகு நாள் கழித்துப் படித்தேன். அன்றைக்கு என் கணக்கில் இருந்தது எங்கள் வீட்டின் ஐந்து வயிறு மட்டும்தான்.

வருமானம் நின்றால் எதைக் குறைப்பது? கடன் தவணை தேதி தவறாமல் வரும். மாமியாரின் சர்க்கரை மாத்திரையை நிறுத்த முடியாது. கைவைக்க முடிந்தது சாப்பாட்டில்தான். முதலில் வகை குறைந்தது, பிறகு அளவு, பிறகு என் காலைச் சாப்பாடு. “எனக்குப் பசிக்கவில்லை” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, நம்பாதவர் நீங்கள் ஒருவர்தான். “கொஞ்சம் கூடச் சமைத்துவிட்டேன்” என்று பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பீர்கள். நாள் தவறாமல் ஒருவருக்கு அளவு தப்புமா? எனக்கு அது தெரியும் என்று உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு பொய்யை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே காப்பாற்றினோம், அக்கா.

மூன்று மாத வாடகையை “வேலை கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுக்கொடுத்த வீட்டுக்காரர் ஐயாவுக்கு நன்றி.

டீச்சர், பள்ளிகள் மூடியதால் உலகெங்கும் சுமார் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாடு நின்றுபோனது. என் மகளும் மகனும் அதில் இரண்டு பேர். நீங்கள் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்து மளிகைப் பொருள் கொடுத்தீர்கள். பாடத்தைப் பற்றி அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சாப்பிட்டாயா?” என்றுதான் மகளைக் கேட்டீர்கள்.

உணவுப் பை கொண்டுவந்த தம்பிகளே, படம் எடுக்காமல் கொடுத்ததற்குத் தனியாக ஒரு நன்றி. வேறோர் இடத்தில் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். என் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நீங்களோ எந்தச் சான்றும் கேட்கவில்லை. இரண்டாவது மாதத்திலிருந்து பைக்குப் பதிலாகப் பணமாகவே அனுப்பினீர்கள். அது எவ்வளவு சரியான முடிவு என்று வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். பை எவ்வளவு நிறைந்திருந்தாலும் அதில் மாத்திரை இருக்காது, அடுப்பெரிக்க எரிவாயு இருக்காது. எங்களுக்கு அந்த வாரம் எது தேவை என்று எங்களையே முடிவெடுக்க விட்டீர்கள்.

அப்புறம், மறு ஆண்டு ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து எட்டுக் கேள்விகள் கேட்டார். உணவுப் பாதுகாப்பை, அதாவது வீட்டில் போதிய உணவு கிடைக்கிறதா என்பதை, அளக்க ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வகுத்த கேள்விகள் அவை. கடந்த 12 மாதங்களில் பணமில்லாததால் உணவு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. ஆமாம். ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தீர்களா? ஆமாம். வீட்டில் உணவு தீர்ந்துபோனதா? ஆமாம். பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா? அதற்கும் ஆமாம். வரிசையாக ஏழு ஆமாம் சொன்னேன். எட்டாவது, ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்தீர்களா?

இல்லை என்றேன். அவர் குறித்துக்கொண்டு அழைப்பை முடித்தார். யாரால் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அக்கா, ஐயா, டீச்சர், தம்பிகளே, உங்களால்தான் என்று.

என் கணவர் மீண்டும் வேலைக்குப் போகிறார். காலையில் இப்போது நானும் சாப்பிடுகிறேன்.

நன்றியுடன்,
எங்கள் வீட்டு ஐவர் சார்பில்