அலங்காரத்தம்மாளைக் கூண்டில் ஏற்றாதீர்கள்

திருகோணமலையில் வாசிப்பு வட்டங்களை நடத்துவோருக்கும் உயர்தர வகுப்புத் தமிழாசிரியர்களுக்கும்,

வணக்கம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவல் 1966இல் வந்தது. அதை எடுத்துக்கொண்ட கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் போகின்றன: அரைமணி நேரம் கதைச்சுருக்கம், பிறகு கணவன் இருக்க வேறொருவரோடு உறவு வைத்த தாய் அலங்காரத்தம்மாள் செய்தது சரியா பிழையா என்ற விசாரணை, தீர்ப்போடு தேநீர். காவேரி தூய்மை, காசி மோட்சம் என்றொரு குறியீட்டுப் பட்டியல் கரும்பலகையில் மிஞ்சும். நாவலைக் கொல்வது அந்தப் பட்டியல்தான்.

குறியீட்டை யார் கையாளுகிறார்கள், யாருடைய உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சிவசுவோடு உறவு வைத்திருப்பவள் அலங்காரம். வேதபாடசாலையில் பிரம்மச்சரியம் காப்பவன் மகன் அப்பு. தாய் பட்ட பாவக் கடனை அடைக்கப் பிள்ளை அனுப்பப்பட்டிருக்கிறான். எங்கள் ஊருக்கு இது விளங்காத காரியமில்லை. பத்திரகாளி அம்மனுக்குத் தாய் நேர்ந்துகொள்வாள், காவடி எடுப்பவன் பிள்ளை. ஆனால் நேர்த்தி ஊரறிய வைப்பது. அப்புவுக்கோ, வளர்ந்து ஆளாகும்வரை தான் எதற்காக நேரப்பட்டவன் என்பதே தெரியாது. பேச்சை இந்த வித்தியாசத்திலிருந்து தொடங்கலாம்.

மூன்று அமர்வுகள் போதும். முதலாவது, இளம் விதவை இந்து அப்புவை நெருங்கும் இடத்தோடு நிற்கட்டும். அந்தப் பக்கங்களை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். கூச்சத்தில் அவற்றைத் தாண்டிவிடுவதுதான் வழமை. தாண்டினால் பின்னால் வரும் எதுவும் பிடிபடாது. ஆசையை வாய்விட்டுச் சொல்கிற துணிச்சல் அவளுக்குத்தான் இருக்கிறது. அவனோ தாயின் நினைவைக் குறுக்கே நிறுத்தித் தப்பப் பார்க்கிறான். அவள் அந்தத் தாயின் உறவைப் பற்றியே சொல்லிவிடுகிறாள். தாயும் வேதமும் அவனுக்கு ஒரே வேலி. அது ஒரே வாக்கியத்தில் சரிகிறது. இங்கே யாராவது 'ஈடிப்பஸ் சிக்கல்' (தாய்மீது மகனுக்குள்ள மறைவான ஈர்ப்பு என்ற உளவியல் கருத்து) என்பார். சொல்லட்டும், எந்த வரியில் என்று காட்டச் சொல்லுங்கள். பெயர் வைத்தவுடன் எல்லோரும் தலையாட்டிவிட்டு யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.

முதல்நாளே ஒரு பக்கச் சொற்குறிப்பு கொடுத்துவிடுங்கள். தஞ்சாவூர்ப் பிராமணப் பேச்சு எங்கள் பிள்ளைகளுக்கு இடறும். 'மடி' (பிறர் தொடாமல் காக்கும் ஆசாரத் தூய்மை) என்னவென்று தெரியாதவருக்கு, ஒரு தொடுகை ஏன் அத்தனை பெரிய விஷயம் என்பது விளங்காது.

இரண்டாவது அமர்வு அலங்காரத்தம்மாளின் சென்னை வீடு. கூட்டங்களில் அவள் கணவர் தண்டபாணியை யாரும் கவனிப்பதில்லை. எல்லாம் தெரிந்தும் வாய்திறக்காமல் வேதாந்தத்துக்குள் ஒதுங்கும் கணவனும் அடக்கப்பட்ட காமத்தின் கதையில் ஒரு பாத்திரம்தான். அவர் வரும் இடங்களை மட்டும் குறித்துவர ஒருவரிடம் முன்கூட்டியே பொறுப்புக் கொடுங்கள். இல்லாவிட்டால் முழு நேரமும் அலங்காரத்தம்மாளுக்கே போய்விடும்.

மூன்றாவதில் அப்பு இந்துவிடம் திரும்புகிறான். பிள்ளை ரிஷியாகவில்லை, தன் பிள்ளையாகவே நின்றுவிட்டான் என்று கண்ட தாய் காசிக்குப் புறப்படுகிறாள். அடைபடாத கடனை இனி அவளே சுமக்க வேண்டும். 'பாவ விமோசனம்' என்று இதை முடித்துவைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். காசியில் அவள் என்ன அடைந்தாள் என்பது நாவலில் இல்லை. அதைக் கூட்டத் தலைவர் எழுதிச் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருகோணமலை வாசகர் சிலர்