பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

கன்னங்குறிச்சி, சேலம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மல்கோவா இந்த வருஷம் தாமதம். வந்ததும் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

நேற்று அம்மா உன் அரக்குப் பட்டு ரவிக்கையை நிழலில் உலர்த்தினாள். பக்கத் தையலைப் பிரித்த தடம், ஊசித் துளையாக மூன்று வரிசை. மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் பிடித்தது, தீபாவளிக்குப் பிரித்தது, மறுபடி பிடித்தது. ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டாள். நீயும் வீடியோவில் முகம் காட்டி ரொம்ப நாளாகிறது.

குண்டு, ஒல்லி என்று சொல்ல வரவில்லை, கண்ணு. அத்தனை பேரை வைத்து நீ வேலை வாங்குகிறாய் என்று தெருவெல்லாம் பெருமை பேசுகிறேன். அவ்வளவு கெட்டிக்காரி, கல்யாணத்துக்குக் கல்யாணம் பட்டினி கிடக்கலாமா? பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். திரும்ப ஏறுவது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறும். பிரஷரும் சர்க்கரையும் கூடவே ஏறும். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948-இலிருந்து ஊராரின் இதயத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். எடை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று 1991-இலேயே எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் ஹார்ட் ஃபெயிலியரும், அதாவது இதயம் தளர்ந்து ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் போவதும், சேர்ந்துகொண்டது. எடை ஆடுவதே காரணமா, கூட இருக்கும் வேறு நோயா என்பது இன்னும் முடிவாகவில்லை. அது முடிவாகட்டும், அதுவரை உன் உடம்பை வைத்தா சோதித்துப் பார்ப்பது?

என் கதை வேறு. இதயம் தளர்ந்ததால் எனக்கு ஏறுவது உடம்பில் தேங்கும் நீர். காலையில் பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால் எடை பார்த்துக் காலண்டர் தாளில் எழுதுகிறேன். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே டாக்டருக்குப் போன். போன மாதம் கூடியது. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. தலையணை இரண்டு வைத்தும் படுக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். உன் பாட்டிக்கும் எப்படி ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன். கொஞ்சமாகக் குறை, குறைந்தது நிற்கட்டும். பட்டினி வேண்டாம். ராத்திரி சாப்பாட்டை விடாதே. பட்டினி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஏற்காட்டில் கிளியூர் அருவிப் படியேறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தாய். செருப்பு வார் என்றாய். நானும் சரி என்றேன். இந்த வாரமே பிரஷர் பார்த்து, டாக்டரிடம் கேட்டு ஒரு எக்கோ, அதான் இதய ஸ்கேன், எடுத்துவிடு. பணம் அனுப்புகிறேன். ரிப்போர்ட்டை அம்மாவுக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா