துண்டை எடுத்துவிட்டு விலை பேசலாமா? சென்னை கார் ஷோரூம்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் கார் ஷோரூம் நடத்தும் முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். நான் வேளச்சேரிக்காரி. கிண்டியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். போன தை மாதம் எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தது. கார் நன்றாக ஓடுகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. அதை வாங்குவதற்காக நான் ஏறி இறங்கிய நான்கு ஷோரூம்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெயர் சொல்லப் போவதில்லை. நான்கிலும் ஏறக்குறைய ஒரே கதை நடந்திருக்கும்போது ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசுவது எனக்குப் பிடிக்கும். பாண்டி பஜாரில் 300 ரூபாய்ச் செருப்பை 180க்கு வாங்கிவந்த அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வரும். உங்களுக்கு லாபம் வரக் கூடாது என்றும் நினைக்கவில்லை. மவுன்ட் ரோட்டிலோ ஜிஎஸ்டி ரோட்டிலோ அவ்வளவு பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்கு வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் எங்கிருந்து வரும்? என் வருத்தம் லாபத்தைப் பற்றியது இல்லை, அதை ஒளித்துவைக்கும் விதத்தைப் பற்றியது.

முதல் ஷோரூமில் "ஆன்ரோடு எவ்வளவு?" என்று கேட்டேன், அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மொத்த விலை. விற்பனைத் தம்பி தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் '10.83' என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் கொட்டேஷன். எக்ஸ் ஷோரூம் விலை 8,64,000 என்று சுவரில் இருக்கிறது, நடுவில் இருக்கும் இரண்டு லட்சத்துச் சொச்சம் என்னென்ன என்று கேட்டேன். "அதெல்லாம் புக்கிங் போட்டதும் சிஸ்டத்துல வந்துடும் மேடம்" என்றார். காசைக் கட்டு, அப்புறம் எதற்குக் கட்டினாய் என்று சொல்கிறோம். நான் அலுவலகத்தில் இப்படி ஒரு பேமென்ட் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். (இதில் பாதிப் பதிலை அவர் என்னிடம் சொல்லவும் இல்லை. கூட வந்திருந்த என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். கார் என் பெயரில், கடன் என் சம்பளத்தில். இது தனிக் கடிதத்துக்கான விஷயம், விடுங்கள்.)

என் அப்பா மணப்பாறைப் பக்கம். மாட்டுச் சந்தைக்கு என்னைச் சின்ன வயதில் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே தரகரும் வாங்குபவரும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் யாருக்கும் விலை தெரியாது. ஆனால் துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளுக்கும் தெரியும். உங்கள் ஷோரூமில் துண்டுக்குள் உங்கள் கை மட்டும்தான் இருக்கிறது. நான் வெளியே நின்று துண்டு அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தம்பி மூன்று தடவை "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று கண்ணாடி அறைக்குள் போய்வந்ததும் அந்தத் துண்டின் அசைவுதான்.

இரண்டாவது ஷோரூமில் பிடிவாதமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதி வாங்கினேன். நகைக்கடைக்குப் போன எந்தப் பெண்ணுக்கும் அந்தத் தாள் உடனே புரியும். தங்கத்தின் விலை ஊருக்கே தெரியும், பேரம் முழுக்கச் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். காருக்கும் அதே கதை. எக்ஸ் ஷோரூம் விலை கம்பெனி வைத்தது. 2025 செப்டம்பர் 22இல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனபோது எவ்வளவு குறைந்தது என்று எல்லாரும் பேப்பரிலேயே படித்துவிட்டோம். ஆயுட்கால வரி அரசு வைத்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், எனக்கு 1,12,320 ரூபாய். இவை இரண்டிலும் நான் வாயே திறக்கவில்லை. மிச்சமெல்லாம் செய்கூலி, சேதாரம்.

'ஆர்டிஓ மற்றும் ஹேண்ட்லிங்' என்று ஒரே வரியில் 17,000 ரூபாய். காரைப் பதியும் கட்டணம் 600 ரூபாய். கடன் வாங்கினால் அதைப் பதிய 1,500. சாலைப் பாதுகாப்பு வரி, ஆர்சி கார்டு என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் ஐந்தாயிரத்தைத் தாண்டாது. மீதி 12,000க்கும் மேல் யாருக்கு என்று கேட்டேன். ஸ்டாக் யார்டில் இருந்து காரை ஓட்டிவர, கழுவ, துடைக்க என்றார். கம்பெனி காரை அனுப்புவதே விற்பதற்குத்தானே? இட்லிக் கடையில் தட்டைக் கழுவத் தனியாகக் காசு வாங்குவார்களா? அரசுக்குக் கட்டும் பணத்தோடு உங்கள் பணத்தையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியதுதான் எனக்குக் கோபம். ஆர்டிஓ என்ற சொல்லைப் பார்த்ததும் நாங்கள் கேள்வி கேட்காமல் கட்டிவிடுவோம் என்று உங்களுக்குத் தெரியும்.

மேட், சீட் கவர், மட்ஃபிளாப் எல்லாம் சேர்ந்த 'எசென்ஷியல் கிட்' 18,000. எசென்ஷியல் என்றால் அது இல்லாமல் கார் ஓடாதா? பெயின்ட்டுக்கு மேல் பூசும் டெஃப்லான் கோட்டிங் 9,500. இரண்டையும் வேண்டாம் என்றதும் அங்கிருந்த விற்பனைத் தம்பியின் முகம் வாடிவிட்டது. அப்புறம் டீ குடிக்கும்போது உண்மையைச் சொன்னார். காரை விற்பதில் கடைக்குப் பெரிதாக நிற்பதில்லை, இன்சூரன்ஸ், ஆக்சசரி, லோன் இவற்றில்தான் அவருக்கு டார்கெட். அதை எட்டாவிட்டால் இன்சென்டிவ் வெட்டு. அந்தப் பையன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவரை எங்கள் மேல் ஏவிவிட்டது நீங்கள்தான்.

இன்சூரன்சுக்கு வருவோம். கொஞ்சம் நிதானமாகவே வருவோம், ஏனென்றால் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். நீங்கள் போட்ட பிரீமியம் 46,800. அதே ஐடிவி (காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வைக்கும் மதிப்பு), அதே ஆட் ஆன்களோடு (கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்புகள்) நான் வெளியில் வாங்கிய கொட்டேஷன் 34,200. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால், 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். அந்தப் பகுதியின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். ஆக 12,600 ரூபாய் வித்தியாசமும் நம் காருக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜிலும் ஆட் ஆனிலும் இருந்தே வந்திருக்கிறது. "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது மேடம்" என்றார்கள். கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது, சர்வீஸ் சென்டருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாலிசியை யார் விற்றார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கென்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017இல் போட்ட விதிகளும் வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. வெளிக் கொட்டேஷனைப் போனில் காட்டினேன். பத்தே நிமிடத்தில் 46,800 என்பது 35,500 ஆனது. பத்து நிமிடத்தில் குறையக்கூடிய தொகையை முதலில் எதற்குச் சொன்னீர்கள்?

இதில் ஒரு வேடிக்கை. வேண்டாததையெல்லாம் திணித்த உங்கள் ஆட்கள், வேளச்சேரியில் குடியிருப்பவளிடம் இன்ஜின் புரொடெக்‌ஷன் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானேதான் கேட்டுச் சேர்த்தேன். மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சாதாரணப் பாலிசி காப்பாற்றாது. சென்னையில் கார் விற்பவர் முதலில் சொல்லவேண்டிய விஷயம் இதுதான். டெஃப்லானைச் சொல்ல நேரம் இருந்தது, இதற்கு இல்லை.

மூன்றாவது ஷோரூமில் 9.85 லட்சத்துக்கு ஒரு மாடல் காட்டினார்கள். "இன்னும் முப்பதாயிரம் போட்டா சன்ரூஃப் வரும் மேடம்." கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து பத்து லட்சத்தைத் தாண்டினால் வரி 13இல் இருந்து 18 சதவீதமாக ஏறிவிடுகிறது. 9.85 லட்சத்துக்கு வரி 1,28,050. 10.15 லட்சத்துக்கு 1,82,700. அதற்கு மேல் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி), அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும் என்றாலும் இப்போது கட்டியாக வேண்டும். முப்பதாயிரத்துச் சன்ரூஃபின் உண்மை விலை 84,650 ரூபாய். இதை ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்லுவது உங்கள் கடமையா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். இந்த ஊர் வெயிலில் அதைத் திறக்கப்போவது யார் என்பது வேறு கேள்வி.

லோன் டெஸ்க்கில் "வெறும் ஏழு சதவீதம்" என்றார்கள். ஃபிளாட் ரேட், அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி. எட்டு லட்சத்துக்கு ஐந்து வருடம் மாதம் 18,000 கட்டினால், குறையும் அசலின் மேல் அது 12.5 சதவீத வட்டிக்குச் சமம். கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்குத் தெரிந்தது. என் மாமனாருக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் அந்த அவசரம். "இந்த ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்." நாங்கள் ஆடியில் டெலிவரி எடுக்க மாட்டோம், மார்கழியில் எடுக்க மாட்டோம். இது உங்களுக்கும் தெரியும். டிசம்பரில் அந்த வருடத்து ஸ்டாக்கைத் தள்ளும் அவசரம் உங்களுக்கு, தை பிறக்கட்டும் என்ற பொறுமை எங்களுக்கு. உண்மையில் எங்கள் கை ஓங்கியிருக்கும் மாதம் அது. அதனால்தான் மார்கழியில் பேசி முடித்துத் தையில் எடுத்தேன், ரொக்கத் தள்ளுபடியாக 15,000 கிடைத்தது. ஆனால் தையில் பதிந்தாலும் கார் பிறந்த வருடம் மாறாது. சேசிஸ் எண்ணிலும் ஷோரூம் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21இலும் தயாரிப்பு மாதம் இருக்கிறது. விற்கப்போகும் அன்று அடுத்தவர் அதைத்தான் பார்ப்பார். பணம் கட்டும் முன்பே அதைக் காட்டச் சொன்னபோது உங்கள் ஆட்கள் ஏதோ ஜாதகம் கேட்டதுபோல் விழித்தார்கள். ஆமாம், ஜாதகம்தான்.

கடைசியில் 10,83,000 என்று தொடங்கியது 10,17,000இல் முடிந்தது. நல்ல பேரம் என்று வீட்டில் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு மாதத்துக்கு. அப்புறம் என் அலுவலகத்தில் டிரைவராக இருக்கும் அண்ணன் அதே மாடலை அதே ஷோரூமில் தன் மகளுக்கு வாங்கினார். அவர் பத்தே முக்கால் லட்சம் கட்டியிருந்தார். கிட்டும் ஹேண்ட்லிங்கும் கோட்டிங்கும் எல்லாம் உள்ளே. "பெரிய கடைல போய் பேரம் பேசினா நல்லா இருக்காதும்மா" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் கறாராகப் பேசி மிச்சம் பிடித்ததை அவருடைய கூச்சத்தில் இருந்து நீங்கள் எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. ஒரே கார், ஒரே கடை, ஒரே மாசம். கேட்கத் தெரிந்தவளுக்கு ஒரு விலை, கேட்கக் கூச்சப்பட்டவருக்கு ஒரு விலை.

நான் கேட்பது ஒன்றுதான். விலை கேட்டு உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும், முன்பணம் வாங்கும் முன்பே, கடையின் முத்திரையோடு ஒரு தாள் கொடுங்கள். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. அதில் கம்பெனிக்குப் போவது, அரசுக்குப் போவது, உங்களுக்கு வருவது என்று தனித்தனியாக இருக்கட்டும். வேண்டுமானால் எடுக்கலாம், வேண்டாமென்றால் விடலாம் என்பவற்றுக்கு எதிரில் அப்படியே எழுதியிருக்கட்டும். ஹேண்ட்லிங் வாங்கத்தான் வேண்டுமென்றால் ஹேண்ட்லிங் என்றே போடுங்கள், ஆர்டிஓவுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். அதற்குப் பிறகு பேரம் பேசுவோம். நீங்களும் விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். நானும் விடமாட்டேன்.

டெலிவரி அன்று சாவி கொடுத்துப் போட்டோ எடுத்து, கேக் வெட்டி, ரிப்பன் கட்டி நன்றாகத்தான் அனுப்பிவைத்தீர்கள். அங்கிருந்து நேராகப் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். எலுமிச்சம்பழத்துக்கும் பூஜைக்கும் எவ்வளவு என்று கேட்டதும், பூசாரி எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகவே சொன்னார்.

ஆவணியில் தாம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார் கார் எடுக்கிறாள். கூட நான் வருவேன், வெளி இன்சூரன்ஸ் கொட்டேஷனும் கால்குலேட்டருமாக. அந்த டிரைவர் அண்ணனையும் அழைத்துவரலாம் என்று இருக்கிறேன். அந்தத் தாளை எடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரியில் இருந்து உங்கள் வாடிக்கையாளர்